வண்டி போகாத தெரு

டேங்கர்காரரிடம் ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் போதும், அதன் பூர்வீகத்தையே புட்டுப்புட்டு வைத்துவிடுவார். எந்த வீட்டில் தரைத்தொட்டி வாசலிலேயே இருக்கிறது, எந்த வீட்டில் கொல்லைப்புறம் வரை ஓஸ் பைப்பை இழுக்க வேண்டும், எந்த வீட்டம்மா தொட்டி நிரம்பும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், எந்த வீட்டில் கதவைத் தட்டினால் அரை மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் தண்ணீர் இல்லாத தெருக்களைத்தான் அவருக்குத் தெரியும். தண்ணீர் உள்ள தெருக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே அவருக்கு வேலை இல்லையே. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீடு வாங்கிய கதை இதில்தான் ஆரம்பிக்கிறது.

தனியார் தண்ணீர் கம்பெனி ஒன்றில் அவருக்கு லாரி ஓட்டும் வேலை. ஊருக்கு வெளியே உள்ள கிணறுகளில் ஏற்றிக்கொண்டு, போன் போட்டுக் கேட்கிறவர்கள் வீட்டில் இறக்க வேண்டும். முதலில் ஜல்லியும் மணலும் ஏற்றிக்கொண்டிருந்தவர்தான். தண்ணீருக்கு மாறிய புதிதில் ரொம்பப் பயந்தார். ஜல்லி ஏற்றினால் அது பாட்டுக்குக் கிடக்கும். தண்ணீர் அப்படிக் கிடக்காது. பாதித் தொட்டியோடு போகும்போது பிரேக்கை மிதித்தால், வண்டி நின்ற பிறகு தண்ணீர் பின்னாலிருந்து ஓடிவந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளும். போகப் போக அதுவும் பழகிவிட்டது. ஒரு சொட்டுகூட வாசலில் சிந்தாமல் இறக்குகிறவர் என்று ஷெட்டில் பெயர் வாங்கினார். சொந்தக்காரர்கள் மட்டும் அவரைத் 'தண்ணி வண்டி' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத மனுஷனுக்கு வாய்த்த பட்டத்தைப் பாருங்கள்.

அவர் மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக வந்து மேஜையில் விழும். ஒவ்வொன்றையும் விரித்து, திருப்பி, காலரைத் தூக்கி, தையலை இழுத்துப் பார்ப்பாள். எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவாள். நூல் தொங்கினால் ஒரு அம்பு, பித்தான் கோணலாக இருந்தால் ஒரு அம்பு. சின்னக் குறை என்றால் திருத்தப் போகும். பெரிய குறை ஒன்றே ஒன்று இருந்தாலும் சட்டை கழிவு மூட்டைக்குப் போய்விடும். நாள் முழுக்கக் குறை பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? இவருடைய சீருடைச் சட்டையின் கைமடிப்பைப் பார்த்தாலே அவளுக்கு விரல் துறுதுறுக்கும். அவர் அவளை 'அம்புக்காரி' என்று கூப்பிடுவார். கோபத்திலும் அதே பெயர்தான், கொஞ்சலிலும் அதே பெயர்தான்.

இருவரும், பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளும் வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் மாடியில். மோட்டார் சுவிட்சும் மாடியில். அவர் போடும்போது குளிக்க வேண்டும், அவர் நிறுத்தினால் சோப்பு நுரையோடு நிற்க வேண்டும். மகள் தலைக்குக் குளிக்கிற நாளில் அம்மாக்காரி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுங்க, பிள்ளை தலையில ஷாம்பு இருக்கு" என்று கெஞ்சுவாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து கீழே செருப்பைக் கழற்றுகிற மனுஷன் காதில் இது விழும். விழும்போதெல்லாம் நெஞ்சை அறுக்கும்.

"நமக்குன்னு ஒரு வீடு வாங்கணும்" என்பார். "குழாயைத் திறந்தா தண்ணி வரணும். அது போதும் எனக்கு. மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும்."

வீடு தேட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அமைந்த புரோக்கர் பொறுமைசாலி. அந்தப் பொறுமையையும் இவர் சோதித்துவிட்டார். புரோக்கர் தெருப் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் இவர் தலையை ஆட்டுவார். "அங்கயா? அந்தத் தெருவுக்கு வாராவாரம் நான்தான் போறேன். வேண்டாம்." அடுத்த தெரு. "அங்க ஒரு வீடு விடாம எல்லாரும் எங்க கம்பெனி வாடிக்கை. வேண்டாம்." வெளிச்சமான வீடுகள், நல்ல கதவு ஜன்னல் வைத்த வீடுகள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடுகள் எல்லாம் இப்படியே கைவிட்டுப் போயின. ஒரு வீட்டின் சமையலறை அம்புக்காரிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அலமாரியைத் திறந்து திறந்து பார்த்தாள். இவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்த வீட்டுத் தொட்டி மூடி உடைஞ்சிருக்கும், பாரு" என்றார். உடைந்துதான் இருந்தது.

"ஏங்க, நீங்க வண்டி விடாத தெரு இந்த ஊர்ல ஒண்ணாவது இருக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

அடுத்த மாதம் புரோக்கர் ஒரு தெருப் பெயரைச் சொன்னார். டேங்கர்காரர் வழக்கம்போல் தலையை ஆட்டப் போனவர் நிறுத்தினார். யோசித்தார். பக்கத்துத் தெரு தெரியும், எதிர்த் தெரு தெரியும். அந்தத் தெருவுக்குள் அவர் போனதே இல்லை. இத்தனை வருஷத்தில், கொளுத்துகிற வெயில் காலத்தில்கூட, அங்கே இறக்கச் சொல்லி ஒரு ட்ரிப் அவர் கைக்கு வந்ததில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் புரோக்கரே ஒரு நிமிஷம் பயந்துபோனார்.

அந்தத் தெருவுக்குள் போக ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தின் வாயில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். கார் நுழையும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நுழையாது. டேங்கர்காரர் தன் மோட்டார் பைக்கில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அந்தக் கம்பங்களுக்கு நடுவே சல்லென்று போனார். "பார்த்தியா, பெரிய வண்டி எதுவும் உள்ள வராது. பிள்ளைங்க பயமில்லாம ரோட்ல நடக்கலாம்" என்று வேறு சொன்னார். நாள் முழுக்கப் பெரிய வண்டி ஓட்டுகிற மனுஷன்தான் இதைச் சொன்னார். லாரியை விட்டு இறங்கிவிட்டால் அவர் டிரைவர் இல்லை, வீடு வாங்க வந்த அப்பன். சிரிக்காதீர்கள். ஆசை கண்ணை மறைக்கும்போது நம்மில் யாருக்கும் மூக்குக்கு முன்னால் இருப்பது தெரிவதில்லை.

மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். வீடு சின்னதுதான், ஆனால் அடக்கமான வீடு. டேங்கர்காரர் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. சமையலறைக் குழாயைத் திறந்தார். கொட்டியது. கொல்லைப்புறக் குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டி நனைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

அம்புக்காரி தன் வேலையைத் தொடங்கினாள். கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. வேண்டுமென்று எடுத்து வந்ததா, பையிலேயே கிடந்ததா என்று அவளுக்கே தெரியாது. படுக்கையறை மூலையில் புதுப் பெயிண்ட் வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. அங்கே ஒரு அம்பு. ஜன்னல் சட்டத்துக்கு மேலே மயிரிழை விரிசல், ஒரு அம்பு. பின்கதவு சாத்தினால் தானாகத் திறந்துகொண்டது, ஒரு அம்பு. மாடிப்படிக் கைப்பிடி ஆடியது. கொல்லையில் நீல நிறப் பெரிய டிரம்கள் வரிசையாக நின்றன. முதல் டிரம்மின் வயிற்றில் பளிச்சென்று ஒரு அம்பை ஒட்டினாள்.

டேங்கர்காரர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் அடிக்காம யாரு வீடு விக்கிறாங்க? விரிசல் எல்லா வீட்லயும் இருக்கு. கதவை ரெண்டு சீவு சீவினா சரியாயிடும்."

"டிரம்மு?"

"டிரம் இல்லாத வீடு எது?"

"இந்த வீட்ல மட்டும் இல்லங்க. வர்ற வழியில பார்த்தேன். எல்லா வீட்டு வாசல்லயும் இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதுக்கு இத்தனை டிரம்?"

"அம்புக்காரி, அது சட்டை, இது வீடு. தொட்டதுக்கெல்லாம் குத்தம் பார்த்தா குடியிருக்க முடியாது" என்றவர், டிரம்மின் மேல் இருந்த அம்பையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். கோந்து மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

விற்கிறவர் அதிகம் பேசாத மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். டேங்கர்காரர் கடைசிக் கேள்வியாக, "தண்ணி லாரி வாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"நாங்க இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு லாரித் தண்ணி வாங்கினதில்லைங்க" என்றார் அவர்.

அது சத்தியமான வார்த்தை. அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டியதும் அம்புக்காரி சொன்னாள்: "எனக்கு என்னமோ மனசு ஒப்பலங்க. இன்னொரு தடவை யாரையாவது கேட்டுப் பார்க்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். ஆனால் இவர்களுக்கு முன்பே ஒருமுறை சூடு பட்டிருந்தது. போன வருஷம் ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். அந்த வீடு கடைசி நேரத்தில் கைநழுவியது. ஊர்க் கண் பட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதனால் இந்தத் தடவை பத்திரம் பதிந்து சாவி கைக்கு வரும்வரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்று கண்டிப்பு. மகளுக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. மனைவியின் மனசு சமாதானம் ஆக வேண்டுமே என்று, தன்னோடு லாரி ஓட்டுகிற டிரைவர் ஒருவரிடம் மட்டும் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தார். "அந்தத் தெருவா? அங்க ட்ரிப்பே வராதே" என்றார் அந்த டிரைவர். டேங்கர்காரர் வீட்டுக்கு வந்து, "நான் சொன்னேன்ல" என்றார்.

வீட்டை வாங்கினார்கள். இத்தனை வருஷச் சேமிப்பும், அவள் கழுத்தில் காதில் கிடந்ததும், கம்பெனியில் பிடித்துவைத்திருந்ததும், பாங்கிக் கடனும் சேர்ந்து ஒரு சாவியாக மாறின. விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, "டிரம்மெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க" என்றார். டேங்கர்காரர் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்.

முதல் சில மாதங்கள் அவர்களுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது. மகள் நினைத்த நேரத்தில் தலைக்குக் குளித்தாள். அம்புக்காரி பாத்திரம் கழுவும்போது குழாயை மூடாமலே கழுவினாள், வேண்டுமென்றே. பின்கதவை ஆசாரி வந்து சீவிக் கொடுத்தார். பெயிண்ட் அடித்த மூலையில் ஈரம் திரும்ப வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று அங்கே பீரோவை நகர்த்திவைத்தார்கள். குறை எல்லாம் அவள் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. ஆனால் ஒன்றுகூட வீட்டைக் கழிக்கிற குறை இல்லை.

வெயில் ஏறியது. காலையில் குழாயில் வந்த தண்ணீர் விரலளவானது, பிறகு நூலளவானது, பிறகு காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் வெறுமனே சுற்றியது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தனியாக இருந்தார். மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். முழங்கால் இரண்டும் தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர். அவர் இவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"தம்பி, நீங்க தண்ணி லாரி ஓட்டுறதா இப்பத்தான் சொன்னாங்க. நீங்க இந்தத் தெருவுக்கு வந்தது எங்க நல்ல நேரம்பா. எங்களால முடியாதது உங்களால முடியும். உங்க ஆபீஸ்ல சொல்லி ஒரு வண்டிக்கு வழி பண்ணுங்க."

"இது ஒரு விஷயமாண்ணே? நாளைக்குக் காலையில முதல் ட்ரிப் நம்ம தெருதான்" என்றார் டேங்கர்காரர். பாலத்தின் வாயில் நின்ற கம்பம் அப்போதும் அவர் நினைப்புக்கு வரவில்லை. தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் விடியும் முன்பே வாசலுக்கு வாசல் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டார்கள்.

கம்பெனியில் போன் எடுப்பவர் ஒரு அம்மாள். ஆரம்பத்திலிருந்தே இருப்பவர். டிரைவர்கள் எல்லாருக்கும் அவர் போன் அக்கா. டேங்கர்காரர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, சிரித்துக்கொண்டே தெருப் பெயரைச் சொன்னார்.

போன் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அங்க எதுக்குப்பா?"

"என் வீடு அங்கதான்க்கா. வாங்கியிருக்கேன். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன், தப்பா நினைக்காதீங்க."

போன் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தத் தெருவுக்கு நம்ம வண்டி போகாதே தம்பி. பாலம் தாங்காது. நீங்கள்லாம் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒரு வண்டி அதுல ஏறி, பின்சக்கரம் கால்வாய்க்குள்ள போயிடுச்சு. அப்புறம்தான் கம்பம் நட்டாங்க. எந்தக் கம்பெனி வண்டியும் போகாது."

"அங்கயிருந்து யாரும் கேட்டதில்லையேக்கா."

"யாரு சொன்னா? வெயில் வந்துட்டா அங்கயிருந்துதான் எனக்கு அதிகமா போன் வரும். அழுவாங்க, திட்டுவாங்க. நான் முடியாதுன்னு சொல்லி வெச்சுடுவேன். உங்க கையில ட்ரிப் வந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

டேங்கர்காரர் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அடுத்த டிரைவர் வந்து நின்றது, நகரச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தினமும் இதே தடுப்புக்கு முன்னால் நின்றுதான் சாவி வாங்குகிறார். கேட்டிருந்தால் போன் அக்கா அரை வாக்கியத்தில் சொல்லி முடித்திருப்பார். கண் படும் என்று பயந்து, கண்ணைத் திறந்துவிடக்கூடிய ஒரே ஆளிடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அம்புக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் தோன்றிய பயம். கடன், வீடு எல்லாம் அதற்கு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று மாலை வரும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டுக் கால்வாய்க்குள் இறங்கிப் பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்தார். சிமெண்ட் உதிர்ந்து கம்பி எல்லாம் துருவேறித் தொங்கியது. எத்தனையோ பாலங்களை அவர் லாரியோடு தாண்டியிருக்கிறார். ஏறும் முன்பே சக்கரத்துக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இதைத் தினமும் இரண்டு தடவை தாண்டினார். பைக்கில் போனதால் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏறி வந்தபோது தெருவில் டிரம்கள் கவிழ்த்தபடியே இருந்தன. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும், "பரவால்ல தம்பி. எங்களுக்குப் பழகினதுதான். நீங்க டிரைவராச்சே, உங்களுக்காகவாவது ஏதாவது பண்ணுவாங்கன்னு ஒரு நப்பாசை" என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். இந்த மேஜையில் கேட்டால் அந்த மேஜை என்றார்கள். அந்த மேஜைக்காரர் பாலம் எங்கள் கையில் இல்லை, கால்வாய்க்காரர்கள் கையில் இருக்கிறது என்றார். கால்வாய்க்காரர்கள் கால்வாய்தான் எங்களுடையது, மேலே உள்ள பாலம் அவர்களுடையது என்றார்கள். கடைசி ட்ரிப் முடிந்து திரும்பும்போது தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரியை நிறுத்தி, தெருக்காரர்களைக் குடத்தோடு வரச் சொன்னார். சில நாள் நடந்தது. பிறகு மானேஜர் கூப்பிட்டு, வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று கம்ப்யூட்டரில் காட்டினார். "உங்க நிலைமை புரியுது. ஆனா நாளைக்கு ஒவ்வொரு டிரைவரும் அவனவன் தெருவுல நிறுத்தினா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. தப்பு யார்மேல் என்று பார்த்தால் எல்லார் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் டேங்கர்காரருக்குத் தாங்கவில்லை. சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கலாம்.

அப்புறம் பைக்கில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, கேன்களைத் தொங்கவிட்டு, பக்கத்துத் தெருப் பொதுக் குழாயிலிருந்து பிடித்து வந்தார். பகலெல்லாம் லாரி நிறையத் தண்ணீரைத் தன் தெரு முனை வழியாகவே அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கினார். மாலையில் கேன் கேனாகத் தன் வீட்டுக்குச் சுமந்தார். சுமந்ததில் இரண்டு கேன் கண்டக்டர் வீட்டுக்கு. அம்புக்காரி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மகள் மட்டும் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பா, பழைய வீட்டு மாடி மாமா மோட்டாராவது போடுவார்ல?"

வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெயிலில் வந்து பார்த்த ஒருவர் குழாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். கடைசியில் மழைதான் வந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது. அப்போது கண்டக்டர் வீட்டைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இந்தத் தெருவில் வீடு விற்பதெல்லாம் மழைக்காலத்தில்தான் என்று டேங்கர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்டக்டர் மகளோடு போய்விட நினைத்தார். இன்னொரு வெயிலை அந்த முழங்கால் தாங்காது. பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம் தம்பதி ஒன்று வந்தது. வெளியே டேங்கர்காரர் பைக்கின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த அந்த இளைஞர், கண்டக்டரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

கண்டக்டர் தயங்கினார். பிறகு டேங்கர்காரரைக் கைகாட்டினார். "பக்கத்து வீட்ல யாரு தெரியுமா? தண்ணி லாரி டிரைவர். ஊர் பூரா சுத்துறவர். அவரே தேடித் தேடி இங்கதான் வாங்கியிருக்கார்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இளைஞரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை டேங்கர்காரருக்கு நன்றாகத் தெரியும். புரோக்கரைப் பயமுறுத்திய அதே மலர்ச்சி. அவர் கண்டக்டரின் முழங்காலைப் பார்த்தார். அந்தப் பெண் வாசல்களில் நின்ற டிரம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். சொல்லிவிட்டார்.

"வாங்காதீங்க சார். வெயில் காலத்துல இங்க சொட்டுத் தண்ணி கிடையாது. பாலம் தாங்காது, லாரியும் உள்ள வராது. சுமந்துதான் சாகணும்."

கண்டக்டர் நிமிரவில்லை. இளைஞர் ஒரு நிமிஷம் திகைத்தார்.

"அப்புறம் நீங்க எப்படி சார் வாங்கினீங்க?"

"தெரியாம வாங்கிட்டேன்."

"தண்ணி லாரி ஓட்டுற உங்களுக்கா தெரியாது?"

டேங்கர்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? ட்ரிப் வராத தெரு என்று நினைத்தேன், போன் அக்காவைக் கேட்கவில்லை, கம்பத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நல்லது என்று சந்தோஷப்பட்டேன் என்றா? அவ்வளவும் உண்மை. சொன்னால் அவருக்கே பொய்யாகக் கேட்கும். "நிஜமாவே தெரியாது சார்" என்று மட்டும் சொன்னார்.

இளைஞர் சிரித்தார். மரியாதையான சிரிப்புதான். வணக்கம் சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு பைக்கை நோக்கிப் போனார். போகும்போது குரலைத் தாழ்த்திப் பேசியது காற்றில் நன்றாகவே கேட்டது: "யாரோ சொந்தக்காரங்களுக்கு அவரே பார்க்கிறார்போல. நம்மளைக் கலைச்சுவிடப் பார்க்கிறார்." அந்தப் பெண் ஏதோ சொன்னாள். டிரம்மைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் கையை அந்தப் பக்கம் நீட்டினாள். இளைஞர் தலையை ஆட்டி, பைக்கை உதைத்தார்.

கண்டக்டர் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அன்று மாலையே அவர்கள் திரும்பி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். யோசிக்க இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தவர்களாம். வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள்.

டேங்கர்காரர் கொல்லைப்புறப் படியில் வந்து உட்கார்ந்தார். அம்புக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல? பச்சையாத்தானே சொன்னேன்?" என்றார். "இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"நானும்தாங்க சொன்னேன்" என்றாள்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய் முதல் டிரம்மின் மூடியைத் திறந்தார். அதன் வயிற்றில் பழைய கோந்து இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வரும்போதே பிடித்துவைக்க வேண்டும் என்று ஓஸை அதற்குள் விட்டார்.